கல்லடைப்பு: ஷாக் வேவ், ஸ்டென்ட் – வாசகர் கேள்விகள்

குறுவை நடவு தொடங்கும் ஆனி, ஆடி மாதங்களில் கல்லடைப்பு பற்றிய கடிதங்கள் கூடிவிடுகின்றன. இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை இரண்டே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: அதிர்வலை (ஷாக் வேவ்) கொடுத்துக் கல்லை உடைப்பது, அடைப்பைத் தாண்டிச் சிறுநீர் வடிய உள்ளே வைக்கும் ஸ்டென்ட் குழாய். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

மன்னார்குடி வாசகர்: அப்பாவுக்கு வயது 58. இடது சிறுநீரகத்தில் 13 மி.மீ. கல். "ஷாக் கொடுத்து உடைத்துவிடலாம்" என்கிறார் டாக்டர். கரண்ட் ஷாக் வைப்பார்கள் என்று அப்பா பயப்படுகிறார். உண்மையில் என்ன செய்வார்கள்?

அப்பாவின் உடம்பில் மின்சாரம் பாயாது. இதை முதலில் அவருக்குச் சொல்லிவிடுங்கள். 'ஷாக் வேவ்' என்பது ஒலியைப் போன்ற ஓர் அழுத்த அலை. உடம்புக்கு வெளியே இருக்கும் கருவியில் அது உண்டாகிறது. கிண்ணம் போன்ற பிரதிபலிப்பானோ லென்ஸோ அதைக் குவித்து, கல் இருக்கும் புள்ளிக்கு அனுப்புகிறது. நம் சதையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அலை அதில் அதிகம் தேங்காமல் கடந்து போகும். கல்லில் மோதும்போதுதான் அழுத்தமும் இழுவிசையும் மாறி மாறி வந்து விரிசல் விடும். கல்லை ஒட்டிய நீரில் நுண்குமிழிகள் தோன்றி வெடிப்பதும் சேர்ந்து அதைப் பொடியாக்குகிறது.

1980 பிப்ரவரியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதல் நோயாளிக்கு இதைச் செய்தார்கள். கருவியைச் செய்தது டோர்னியர் என்ற விமான நிறுவனம். அப்போது நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார வைக்க வேண்டியிருந்தது. இப்போது மேஜையில் படுக்க வைத்து, தண்ணீர் நிரப்பிய ரப்பர் மெத்தையை இடுப்புப் பக்கம் ஒட்ட வைக்கிறார்கள். தோலுக்கும் மெத்தைக்கும் நடுவில் ஸ்கேன் எடுக்கும்போது தடவுவது போன்ற ஜெல் தாராளமாக இருக்க வேண்டும். அதில் காற்றுக் குமிழி சிக்கினால் அலை அங்கேயே திரும்பிவிடும், கல் உடையாது. நோயாளி அசைந்து மெத்தை விலகினாலும் அதே கதை. "அசையாதீர்கள்" என்று தொழில்நுட்பர் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அன்றைய நடைமுறை இப்படி இருக்கும். முன்னதாகச் சிறுநீர்ப் பரிசோதனையும் கல்ச்சரும் எடுத்து, கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக் கொடுத்துச் சரிசெய்துவிட வேண்டும். ரத்தம் உறையும் தன்மையையும் பார்ப்பார்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரைகள் சாப்பிட்டால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். எத்தனை நாள் முன்பு நிறுத்துவது, நிறுத்தலாமா கூடாதா என்பதை இதய மருத்துவரைக் கேட்டே முடிவுசெய்ய வேண்டும். வீட்டில் நீங்களாக நிறுத்தக்கூடாது. வலிக்கு ஊசி, சில இடங்களில் லேசான மயக்கம். மயக்கம் என்றால் ஆறு மணி நேரம் வெறும் வயிறு. எக்ஸ்ரேயிலோ அல்ட்ராசவுண்டிலோ கல்லைக் குறிவைத்து, லேசான அடியில் தொடங்கிப் படிப்படியாக அடியின் வலுவைக் கூட்டுவார்கள். மொத்தம் 2,000 முதல் 3,000 அடிகள், நிமிடத்துக்கு 60 முதல் 90 வரை. முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும்.

"சீக்கிரம் முடித்துவிடுங்கள் டாக்டர்" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு அடி விட்டுச்சென்ற நுண்குமிழிகள் கரைவதற்குள் அடுத்த அடி வந்தால், கல்லுக்குப் போக வேண்டிய சக்தியைக் குமிழிகளே விழுங்கிவிடும். நிமிடத்துக்கு 120 அடி கொடுத்தால் நேரம் மிஞ்சும், கல்லும் மிஞ்சும். சிறுநீரகத் திசுவும் கூடுதலாக அடி வாங்கும்.

முடிந்தபின் இடுப்பில் சிவந்த தடம், ஓரிரு நாள் சிறுநீரில் ரத்தம்: இவை எதிர்பார்க்க வேண்டியவை. சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் கட்டுவது அபூர்வம். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். ஆகவே அப்பாவுக்கு பி.பி. இருந்தால் அன்று காலை மாத்திரையை விடாமல் கொடுக்கலாமா என்று மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கும்பகோணம் வாசகர்: பக்கத்து வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஒரே அளவு கல், 12 மி.மீ. அவருக்கு ஒரே தடவையில் உடைந்தது. எனக்கு இரண்டு தடவை ஷாக் வைத்தும் அசையவில்லை. மெஷின் சரியில்லையா?

மெஷினாகவும் இருக்கலாம். ஆனால் அதைச் சந்தேகிக்கும் முன் உங்கள் சி.டி. ஸ்கேன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அளவைத் தவிர அதில் கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, 'ஹெச்.யு.' என்ற எண். கல்லின் அடர்த்தி அது. 1,000-க்கு மேல் போனால் ஷாக் வேவில் உடைவது கடினம். கால்சியம் ஆக்ஸலேட் மோனோஹைட்ரேட், பிரஷைட், சிஸ்டின் வகைக் கற்கள் இந்தப் பிடிவாதக் கூட்டத்தைச் சேர்ந்தவை. இரண்டாவது, தோலிலிருந்து கல்வரை உள்ள தூரம். 10 செ.மீ.க்கு மேல் என்றால் அலை வலுவிழந்துதான் போய்ச் சேரும். பருத்த உடம்புக்காரர்களுக்கு இது சாதாரணம். மூன்றாவது, சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் கிண்ணங்களில் கல் எந்தக் கிண்ணத்தில் இருக்கிறது என்பது.

மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை. சிறுநீரகத்தின் கீழ்க்கிண்ணத்தில் இருக்கும் கல் உடைந்தாலும் வெளியேறச் சிரமப்படும். வாய்க்காலைவிடப் பள்ளமான வயலிலிருந்து தண்ணீரை வடிக்கப் பாடுபடுகிறோமே, அதே சங்கடம். கீழ்க்கிண்ணத்தின் கழுத்து குறுகலாகவோ, நீளமாகவோ, செங்குத்தாக வளைந்தோ இருந்தால் பொடி அங்கேயே படிந்து கிடக்கும். "உடைந்துவிட்டது, ஆனால் போகவில்லை" என்பது பெரும்பாலும் இந்தக் கற்களின் கதைதான்.

இரண்டு தடவைக்குப் பிறகு எக்ஸ்ரேயில் கல்லின் உருவமே மாறவில்லை என்றால் மூன்றாவது தடவைக்குப் பணம் கட்டுவதில் அர்த்தமில்லை. 12 மி.மீ. கல்லுக்குச் சிறுநீர்ப் பாதை வழியாகவே மெல்லிய வளையும் கருவியைச் செலுத்தி லேசரால் பொடியாக்கலாம். வெட்டு, தையல் கிடையாது. 20 மி.மீ.க்கு மேற்பட்ட கற்களுக்கு முதுகுப் பக்கம் சிறு துளையிட்டு எடுப்பதே முதல் தேர்வு. அந்த அளவுக் கல்லுக்கும் ஷாக் வேவே போதும் என்று சொல்லும் இடத்தில் "எத்தனை தடவை ஆகும், மிச்சமிருந்தால் அடுத்து என்ன?" என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

திருத்துறைப்பூண்டி வாசகி: என் வீட்டுக்காரருக்கு ஷாக் வேவ் வைத்து மூன்று நாள் ஆகிறது. முதல் நாள் மணல் போல வந்தது. நேற்றிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறார், மணலும் வரவில்லை. இது சகஜமா?

மணல் போகும்போது வலி வருவது சகஜம். மணல் நின்று வலி மட்டும் நீடிப்பது அப்படியல்ல. இந்த இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்காமல் அவர் ஏற்கெனவே மருத்துவமனைக்குப் போயிருப்பார் என்று நம்புகிறோம்.

உடைந்த துண்டுகள் சிறுநீர்க்குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டி அடைத்துக்கொள்வதுண்டு. ஜெர்மன் மொழியில் இதற்கு ஸ்டைன்ஸ்ட்ராஸ, அதாவது 'கல் வீதி' என்று பெயர். பொதுவாக முன்னால் போகும் ஒரு பெரிய துண்டு குழாயின் அடிப்பகுதியில் மாட்டிக்கொள்ள, பின்னால் வரும் பொடியெல்லாம் அதன்மேல் சேர்ந்துவிடும். பெரிய கல்லை ஒரே தடவையில் உடைக்கும்போது இது அதிகம். ஓர் எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் எடுத்தால் தெரிந்துவிடும். காய்ச்சல் இல்லை, வலி மருந்துக்கு அடங்குகிறது, சிறுநீரகம் அதிகம் வீங்கவில்லை என்றால் குழாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை கொடுத்துச் சில நாட்கள் பார்ப்பார்கள். இல்லையென்றால் முன்னால் மாட்டிய துண்டை உள்நோக்கி (எண்டோஸ்கோப்) என்ற கருவி வழியாக உடைத்தெடுப்பார்கள், அல்லது ஸ்டென்ட் வைத்து அடைப்பை விலக்குவார்கள்.

இன்னொன்று: வலி வந்த நேரத்தில் தண்ணீரை லிட்டர் லிட்டராக ஊற்ற வேண்டாம். அடைபட்ட குழாயின்மேல் அழுத்தம் கூடி வலிதான் பெருகும், கல்லைத் தள்ளாது. வலி அடங்கிய பிறகு தாராளமாகக் குடிக்கலாம். சிறுநீரைப் பழைய டீ வடிகட்டியிலோ மெல்லிய வேட்டித் துணியிலோ வடிகட்டி, கிடைக்கும் துண்டுகளை உலர்த்தி ஒரு சின்ன டப்பாவில் வையுங்கள். ஆய்வகத்தில் கொடுத்தால் எந்த வகைக் கல் என்று தெரியும். அடுத்த கல்லைத் தடுக்க அதுதான் முதல் துப்பு. பலர் கழிவறையிலேயே அதை விட்டுவிடுகிறார்கள்.

முழுவதும் வெளியேற இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். இரண்டு வாரம் கழித்து ஒரு படம், மூன்று மாதத்தில் ஒரு படம் எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வலி இல்லை என்பதால் கல்லும் இல்லை என்று ஆகிவிடாது. வலியே இல்லாமல் அடைத்துக்கொண்டு சிறுநீரகத்தைப் பாழாக்கும் கற்களும் உண்டு.

மயிலாடுதுறை வாசகர்: குளிர்காய்ச்சலோடு தம்பியை ராத்திரி சேர்த்தோம். சிறுநீர்க்குழாயின் கீழே 9 மி.மீ. கல் என்றார்கள். கல்லை எடுக்காமல் ஸ்டென்ட் மட்டும் போட்டு, மூன்று வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். இரண்டு தடவை பணம் வாங்கத்தானே இது?

இல்லை. உங்கள் தம்பிக்கு நடந்தது சரியான சிகிச்சை. கல் அடைத்து, அதற்கு மேல் தேங்கிய சிறுநீரில் கிருமியும் சேர்ந்துவிட்டால் அது சீழ்க்கட்டிக்குச் சமம். அந்த நிலையில் கல்லை உடைத்தாலோ, கருவியை விட்டுத் துழாவினாலோ கிருமி ரத்தத்தில் பரவி சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சரியலாம். முதலில் தேங்கியதை வடிக்க வேண்டும். அதற்கு வழி இரண்டு: உள்ளிருந்து ஸ்டென்ட், அல்லது முதுகு வழியாகச் சிறுநீரகத்துக்குள் ஒரு குழாய். அதோடு ஆன்டிபயாடிக். கிருமி அடங்கிய பிறகுதான் கல்லுக்குக் கை வைப்பார்கள்.

இந்தப் பதிலைப் படிக்கும் எல்லோருக்கும்: கல் இருப்பது தெரிந்தவருக்குக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அது அவசரம். பாரசிட்டமால் போட்டுக் காலைவரை பார்ப்போம் என்று இருக்கக்கூடாது. ஒரே சிறுநீரகம் உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். ஷாக் வேவ் வைக்கும் எல்லோருக்கும் ஸ்டென்ட் தேவையில்லை. 20 மி.மீ.க்குக் குறைந்த, அடைப்போ கிருமியோ இல்லாத கல்லுக்கு முன்கூட்டியே ஸ்டென்ட் போடுவதால் கல் கூடுதலாக வெளியேறிவிடுவதில்லை. "ஏன் போடுகிறீர்கள்?" என்று அங்கே கேட்பது நியாயமான கேள்வி.

பாபநாசம் வாசகி: டி.ஜே. ஸ்டென்ட் வைத்து பத்து நாள் ஆகிறது. அரைமணிக்கு ஒருமுறை ஓட வேண்டியிருக்கிறது. நீர் பிரியும்போது வலி விலாவுக்கு ஏறுகிறது. குனிந்து வேலை செய்தால் சிவப்பாகப் போகிறது. ஸ்டென்ட் நகர்ந்துவிட்டதா? வயல் வேலைக்குப் போகலாமா?

நீங்கள் சொல்லும் மூன்றுமே ஸ்டென்ட் அதன் இடத்தில் இருக்கும்போதே வருபவை. குழாய் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். சுமார் 26 செ.மீ. நீளம், 2 மி.மீ. கனம், பாலியூரித்தேன் என்ற மென்மையான பிளாஸ்டிக். இரு முனையும் ஆங்கில 'ஜே' எழுத்தைப் போலச் சுருண்டிருக்கும். மேல் சுருள் சிறுநீரகத்தில், கீழ்ச் சுருள் சிறுநீர்ப்பையில். நெடுகிலும் துளைகள். சிறுநீர் குழாயின் உள்ளும் புறமும் வழிந்து இறங்கும்.

கீழ்ச் சுருள் பையின் அடிப்பகுதியை உரசுவதால் அடிக்கடி வரும் உணர்வு. சாதாரணமாகப் பைக்குப் போன சிறுநீர் மேலே திரும்பாதபடி ஒரு தடுப்பு இருக்கிறது. ஸ்டென்ட் அந்த மதகைத் திறந்தே வைத்திருப்பதால் நீங்கள் முக்கும்போது சிறுநீர் சிறுநீரகத்துக்கு ஏறி விலாவில் வலிக்கிறது. ஆகவே முக்க வேண்டாம். பை முட்ட நிரம்பும்வரை அடக்கவும் வேண்டாம். இரண்டு மணிக்கு ஒருமுறை போங்கள். மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குனிந்து நிமிரும்போது குழாய் உரசி ரத்தம் கசியும். ரோஜா நிறமோ செந்நிறமோ மட்டும் என்றால், தண்ணீர் கூட்டிக் குடித்து ஓய்வெடுத்தால் தெளியும்.

டாம்சுலோசின் 0.4 மி.கி. இந்தத் தொல்லையைக் கணிசமாகக் குறைக்கும். உங்கள் டாக்டர் எழுதித் தந்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு எழுந்து நிற்கும்போது தலைசுற்றும் என்பதால் ராத்திரி படுக்கையிலிருந்து மெல்ல எழுந்திருங்கள். அடிக்கடி போவது அடங்காவிட்டால் பையைத் தளர்த்தும் மாத்திரை தனியாக உண்டு.

வயலுக்குப் போகத் தடை இல்லை. நாள் முழுக்கக் குனியும் நடவு, மூட்டை தூக்குவது, குண்டும் குழியுமான சாலையில் டூவீலர்: இவை மூன்றும் ரத்தத்தைக் கூட்டும், அவ்வளவே. நடவை இந்த முறை விட்டுவிட்டு நின்றபடி செய்யும் வேலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தாம்பத்தியத்துக்கும் தடையில்லை. நுனியில் நூல் வைத்த ஸ்டென்டாக இருந்தால் மட்டும் அது இழுபட்டுவிடாமல் பார்க்க வேண்டும். குளிர்காய்ச்சல், ரத்தக் கட்டிகள், நீர் அடியோடு நின்றுபோவது, அல்லது அடக்கவே முடியாமல் ஓயாமல் சொட்டுவது, இந்த நான்கில் எது வந்தாலும் அன்றே போங்கள். கடைசியாகச் சொன்னது ஸ்டென்ட் கீழே நழுவியதன் அடையாளமாக இருக்கலாம்.

பேராவூரணி வாசகி: ஊருக்கு வந்தபோது என் கணவருக்கு ஸ்டென்ட் போட்டார்கள். லீவு முடிந்து சிங்கப்பூர் போய்விட்டார். ஐந்து மாதம் ஆகிறது. வலி இல்லை என்பதால் அடுத்த வருஷம் வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்.

வேண்டாம். அங்கேயே சிறுநீரகவியல் மருத்துவரை இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகும் குடும்பங்கள் நிறைந்த நம் பகுதியில் இது தனியாக எச்சரிக்க வேண்டிய விஷயம்.

சாதாரண ஸ்டென்ட் பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வாரத்துக்கு வைக்கப்படுகிறது. மூன்று மாதத்தைத் தாண்டக்கூடாது. சிறுநீரில் கரைந்திருக்கும் உப்புகள் பிளாஸ்டிக்கின்மேல் படியத் தொடங்கும். அதிலும் கல் உண்டாகும் உடம்பில் வேகமாகப் படியும். இரு சுருள்களிலும் கல் கட்டிவிட்டால் முனை விரியாது, இழுத்தால் வராது, பிளாஸ்டிக் உளுத்துப்போய் நடுவில் அறுந்துபோகவும் கூடும். பிறகு கீழ்ச் சுருளின் கல்லை லேசரால், மேல் சுருளின் கல்லை ஷாக் வேவாலோ முதுகுத் துளை வழியாகவோ உடைத்த பிறகே குழாய் வெளியே வரும். ஐந்து நிமிட வேலை இரண்டு மூன்று அறுவை சிகிச்சையாகிவிடும். வலி இல்லாதது எதற்கும் அத்தாட்சி அல்ல. கல் கட்டிய ஸ்டென்ட் ஓசையில்லாமல் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்துவிடும்.

ஐந்து மாதம் ஆகிவிட்டதால், எடுப்பதற்கு முன் ஓர் எக்ஸ்ரே அவசியம். படிவு இல்லையென்றால் மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின் ஜெல்லி வைத்து, சிறுநீர்ப்பைக்குள் உள்நோக்கியை விட்டுச் சுருளைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். சில நிமிட எரிச்சல், அவ்வளவுதான். படிவு இருக்கும்போது யாராவது வலுவில் இழுக்க முயன்றால் தடுக்கச் சொல்லுங்கள்.

அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியது: டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்டென்ட் போட்ட தேதி, அதன் அளவு, கடைசி எக்ஸ்ரே. இனி ஸ்டென்ட் போடும் எவரும் எடுக்க வேண்டிய தேதியை வீட்டு நாள்காட்டியில் சிவப்பு மையில் குறித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிப் பையைப் பிரிக்க வேண்டும். விமான நிலையச் சோதனைக் கருவியில் அது சத்தம் போடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். போடாது, அது பிளாஸ்டிக்.

வேதாரண்யம் வாசகர்: உப்பளத்தில் வேலை. மூன்று வருஷத்தில் இரண்டு தடவை கல். போர் தண்ணீரின் கடினத்தன்மைதான் காரணம் என்கிறார்கள். வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் கஷாயம் குடித்தால் ஷாக் வேவ் இல்லாமலே கரைந்துவிடுமா?

கடின நீரைவிட உங்கள் வெயில்தான் பெரிய குற்றவாளி. வியர்வையாகப் போவது போக மிஞ்சும் சிறுநீர் குறைந்து, கெட்டியாகி, உப்பு படிகமாகிறது. நாளொன்றுக்கு 2.5 லிட்டர் சிறுநீர் பிரிய வேண்டும். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கணக்கிடுவதைவிட, ஒரு வேலை நாளில் பழைய தண்ணீர் பாட்டிலில் பிடித்து அளந்து பாருங்கள், திடுக்கிடுவீர்கள். உப்பளத்தில் அந்த அளவு வர நான்கு லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டியிருக்கும். படுக்கும் முன் ஒரு டம்ளர், ராத்திரி எழுந்தால் இன்னொன்று.

சிறுபீளையும் வாழைத்தண்டும் குடிப்பதால் கூடுதலாக நீர் பிரியும், சிறு துகள்கள் போக அது உதவலாம். 4 மி.மீ. கல் தானாகவே போய்விடுவதுதான் வழக்கம். அந்தப் பெருமை அந்த வாரம் எதைக் குடித்தோமோ அதற்குப் போய்விடுகிறது. 10 மி.மீ. கால்சியம் ஆக்ஸலேட் கல்லைக் கரைக்கும் சாறு எதுவும் இல்லை. சாற்றை நம்பி மாதக்கணக்கில் அடைப்போடு இருப்பதில்தான் ஆபத்து.

எலுமிச்சை நல்லது, அதில் உள்ள சிட்ரேட் கல் உருவாவதைத் தடுக்கும். ஆனால் உப்புப் போட்டுக் குடித்தால் பாதிப் பலன் போய்விடும். உப்புதான் சிறுநீரில் கால்சியத்தைக் கூட்டுகிறது. உப்பு போட்ட நீராகாரம், கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும். பாலையும் மோரையும் விட்டுவிடாதீர்கள். கால்சியம் குறைந்தால் உணவிலுள்ள ஆக்ஸலேட் குடலில் கட்டுப்படாமல் ரத்தத்தில் ஏறிவிடும். கீரை சாப்பிட்ட இலையிலேயே மோர் சாதமும் சாப்பிடும் நம் வழக்கம் இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனம்.

நன்னிலம் வாசகர்: ஸ்கேனில் கல் தெரிகிறது, எக்ஸ்ரேயில் தெரியவில்லை. ஷாக் வேவ் வைக்கலாமா?

யூரிக் அமிலக் கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். அவசரமில்லை என்றால் ஷாக் வேவுக்கு முன் மருந்தைப் பாருங்கள். கல் வகைகளில் மருந்தால் உண்மையிலேயே கரையக்கூடியது இதுதான். பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துச் சிறுநீரின் பி.ஹெச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) அளவை 6.5 முதல் 7-க்குள் வைத்தால் சில மாதங்களில் கரையும். பி.ஹெச். பட்டையை வாங்கி வீட்டிலேயே பார்க்கலாம். 7-ஐத் தாண்டவிடாதீர்கள், வேறு வகைப் படிவு சேரும். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள் பொட்டாசியம் அளவைப் பார்க்காமல் இதைத் தொடக்கூடாது. அவர்களுக்கு இளநீருக்கும் அதே எச்சரிக்கை.

வலங்கைமான் வாசகி: கர்ப்பமாக இருக்கும்போது ஷாக் வேவ்?

கூடவே கூடாது. நாள் தள்ளிப்போயிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கர்ப்பத்தில் அடைப்பு வந்தால் ஸ்டென்ட் வைத்துப் பிரசவம்வரை ஓட்டலாம். ஆனால் அந்த மாதங்களில் படிவு வேகமாகச் சேருவதால் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

திருவாரூர் வாசகர்: செலவு பற்றி முன்கூட்டியே என்ன கேட்க வேண்டும்?

சொல்லும் தொகை ஒரு தடவைக்கா, கல் போகும்வரைக்கா? ஸ்டென்ட் வைப்பதும் எடுப்பதும் அதில் சேர்ந்தவையா? பின்னால் எடுக்கும் எக்ஸ்ரேக்கள்? மூன்றையும் எழுதி வாங்குங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அனுமதிச் சீட்டு போடும் முன்பே காப்பீட்டுப் பிரிவில் காட்டி, எந்தெந்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்திருக்கிறது என்று கேளுங்கள். ஸ்டென்ட் எடுப்பதற்குப் பணம் இல்லை என்று தள்ளிப்போடுகிறவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சிறுநீரகவியல் புறநோயாளிப் பிரிவுக்குப் போகலாம். வேறு இடத்தில் போட்ட ஸ்டென்டாயிற்றே என்று தயங்க வேண்டாம். போட்ட தேதி எழுதிய காகிதமும் ஒரு புதிய எக்ஸ்ரேயும் கையில் இருக்கட்டும்.